கொழுக்கட்டைப் புல் முளைக்காத ஆடி மாதம்

1. இருபத்திரண்டாம் நாள்

விவசாய இலாகாவில் நான் மேஸ்திரியாகச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது. இரண்டாம் உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. மேஸ்திரி என்றால் கட்டடம் கட்டுகிறவர் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கலாம். எங்கள் இலாகாவில், விவசாயிகளுக்குப் புது முறைகளை எடுத்துச் சொல்லும் டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற அதிகாரிக்குக் கீழே, நிலத்தில் இறங்கி வேலையைச் செய்து காட்டுகிறவனுக்கு அந்தப் பெயர். சின்னமனூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மார்க்கையன்கோட்டை, தேவாரம் என்று தினமும் சைக்கிளில் சுற்றுவேன். வேலை டெம்பரரி.

தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் வீரம்மாள் என்ற ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், நிலம் இருந்தது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு மலைமாட்டுப் பட்டியைத் தானே நடத்தி வந்தார். சின்னதும் பெரியதுமாக அறுபது உருப்படிகள். அந்த வருஷம் காட்டிலாகாக்காரர்கள் மலையில் மேய்ச்சலை அடைத்துவிட்டார்கள். அதுவரை மேலே ஏறி மேய்ந்து பழகிய மாடுகளுக்குக் கீழே புல் கிடையாது. பலரும் மாட்டை விற்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டு, மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை விதைத்தால் சொந்த நிலமே மேய்ச்சல் காடு ஆகும் என்று பேசினார். வந்திருந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வரிசையில் நின்ற வீரம்மாள்தான், "நாலு ஏக்கர் தாரேன். வந்து வெதைங்க" என்றார்.

ஆடியில் விதைத்தேன். விதை, ஒரு பண்ணையில் அப்போதுதான் உருவி எடுத்து, சாக்கில் கட்டி அனுப்பியது. புதுசு என்பதால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. விதைத்த மூன்றாம் நாள் மழையும் நன்றாகப் பெய்தது.

இருபத்திரண்டாம் நாள் வீரம்மாள் என்னை நிலத்துக்குக் கூட்டிப் போய் நடுவில் நிறுத்தினார்.

"மேஸ்திரி, குனிஞ்சு பாருங்க. கோரை மொளச்சிருக்கு. நெருஞ்சி மொளச்சிருக்கு. ஒங்க புல்லு எங்கன?"

நான் குனிந்து பார்த்தேன். எங்கும் இல்லை.

"வரப்புல யாரும் வெதைக்காமயே இந்தப் புல்லு தானா மொளைக்குது. சாக்குச் சாக்கா கொண்டாந்து வெதச்சது மொளைக்கல. அவிச்ச வெதையப் பாத்துக் குடுத்துட்டாகளா?"

பின்னால் நின்ற அவருடைய கொழுந்தன் சின்னச்சாமி சிரித்தார். "நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல மதினி. புல்ல வெதைக்கிறவனும் உண்டா ஒலகத்துல?"

 "ஒரு வாரம் பொறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது.

2. குப்பைக் குழிக்குப் போக வேண்டிய இரண்டு சாக்கு

டெமான்ஸ்ட்ரேட்டர் கெட்ட மனிதர் அல்ல. அவசரக்காரர். நான் சொன்னதைக் கேட்டதும் பேனாவை எடுத்து, 'விதை உயிரற்றது' என்று ரிப்போர்ட்டில் எழுதினார்.

"ஸ்டோரில் இன்னும் இரண்டு சாக்கு இருக்கிறதல்லவா? அதைக் குப்பைக் குழியில் கொட்டிவிடும்."

"சார், செத்ததா இல்லையான்னு பார்த்துட்டு எழுதலாமே?"

"மழை பெய்தது, முளைக்கவில்லை. இதற்கு மேல் என்னய்யா பார்க்க வேண்டும்? அந்த அம்மாளிடம் சோளம் விதைத்துக்கொள்ளச் சொல்லும். நாம் அங்கே முகம் காட்டாமல் இருப்பதே நல்லது."

கடைசி வாக்கியம்தான் என்னைச் சுட்டது. கூட்டத்தில் ஓர் அம்மாள் நம்மை நம்பி நிலம் கொடுத்தார். அவருக்கு முகம் காட்டாமல் நான் எந்த ரோட்டில் சைக்கிள் விடுவது? இரண்டு சாக்கையும் ஸ்டோரிலிருந்து எடுத்தேன். குழிக்குக் கொண்டு போகவில்லை. என் அறைக்குக் கொண்டு போனேன். இலாகாவில் நான் செய்த முதல் கீழ்ப்படியாமை அது.

கொழுக்கட்டைப் புல் விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விதை என்று நாம் கையில் எடுப்பது விதையே அல்ல. பஞ்சு மாதிரி மயிர் சூழ்ந்த ஒரு கூடு. அதற்குள் உமி, உமிக்குள் கடுகை விடச் சின்னதாக ஒரு மணி. தையல் ஊசியை வைத்து, ஆபீஸ் லென்ஸைக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு கூடாகப் பிரித்தேன். சில கூடு வெறும் பதர். ஆனால் பெரும்பாலானவற்றில் மணி இருந்தது. நகத்தால் அழுத்தினால் மாவாகவில்லை. கெட்டியாக, பால் நிறத்தில் இருந்தது. செத்த விதை இப்படி இருக்காது.

இரண்டு மண்சட்டியில் ஈர மணலைப் போட்டேன். ஒன்றில் கூட்டோடு நூறு. இன்னொன்றில் உமி நீக்கிய மணி நூறு. உமி நீக்குவதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. கண் எரிந்தது. ஊசி விரலில் ஏறி ஏறி, சைக்கிள் பிடியைப் பிடிக்க முடியவில்லை.

ஆறாம் நாள், உமி நீக்கிய சட்டியில் வெள்ளை வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. பாதிக்கு மேல் முளைத்துவிட்டது. கூட்டோடு போட்ட சட்டியில் நாலே நாலு.

அந்தச் சட்டியின் முன்னால் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விதைக்கு உயிர் இருக்கிறது. அந்த உமிக்கூடுதான் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அடுத்து, ஒப்பிட்டுப் பார்க்க வேறு விதை இருக்கிறதா என்று ஆபீஸ் அலமாரியில் தேடினேன். கூட்டங்களில் காட்டுவதற்காக வைத்திருந்த பழைய மாதிரிப் பை ஒன்று கிடைத்தது. அதே புல், போன வருஷத்துக்கு முந்தின வருஷ அறுவடை. பையில் எறும்புகூட ஏறியிருந்தது. உமியை எடுக்காமல் அப்படியே சட்டியில் போட்டேன். எட்டு நாளில் சட்டி பச்சையாகிவிட்டது. புதுசு தூங்குகிறது, பழசு விழித்துக்கொண்டது. வீரம்மாள் கோபத்தில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரப்பில் தானாக முளைப்பதாகச் சொன்னாரே, அந்த விதை உதிர்ந்த உடனே முளைத்ததில்லை. மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து முளைத்தது.

3. ஏர் பூட்டியாகிவிட்டது

விஷயம் தெரிந்த மறுநாளே தேவாரத்துக்கு மிதித்தேன். வீரம்மாள் நிலத்தின் மூலையில் ஏர் பூட்டி நின்றது. சின்னச்சாமி உழுது சோளம் போடப் போகிறார். உழுதால் என் விதை முழுவதும் அடிமண்ணுக்குப் போய்விடும்.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா, உழ வேண்டாம். விதை சாகல. மண்ணுக்குள்ள உயிரோட கிடக்கு."

"ஒரு மாசமா மொளைக்காதது இனி எப்ப மொளைக்கும்?" என்றார் சின்னச்சாமி. "ஏலே, மாட்டப் பத்துலே" என்று ஏர்க்காரனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

நான் ஏருக்கு முன்னால் நின்றுகொண்டேன். தோள்பையில் கொண்டு போயிருந்த, முளைவிட்ட சட்டியை எடுத்து வீரம்மாள் கையில் கொடுத்தேன். நிலத்தில் ஒரு கூடை மேல்மண்ணை அள்ளி, கிணற்றடியில் சல்லடையில் கழுவி, அதிலிருந்து கூடுகளைப் பொறுக்கி, அங்கேயே உட்கார்ந்து ஊசியால் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு மணியையும் வீரம்மாள் வாங்கி, முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். தானியம் தெரிந்தவர். ஐந்தாவது மணியைக் கடித்ததும் என்னைப் பார்த்தார்.

"இது மணிதான். எப்ப மொளைக்கும்?"

"ஐப்பசி மழைக்கு."

"நிச்சயமா?"

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். விதைத்த அன்று பாதி நிலத்தில் விதையைத் தூவி, முள்கிளையை இழுத்து மேலாக மண் மூடினேன். மீதிப் பாதியில் நேரமாகிவிட்டது என்று நாட்டு ஏரை ஓட்டி மூடினேன். அந்தப் பாதியில் விதை நாலு விரல் ஆழத்துக்குப் போயிருக்கும். அவ்வளவு சின்ன மணி அங்கிருந்து மேலே வருமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதைச் சொன்னால் மொத்தமும் உழுதுவிடுவார்கள் என்று பயந்தேன்.

"நிச்சயம்மா" என்றேன்.

வீரம்மாள் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "சின்னச்சாமி, ஏர அவுத்துரு."

"மதினி, சோளத்தட்டையும் இல்லாம, புல்லும் இல்லாமப் போச்சுன்னா மாடு என்னத்தத் திங்கும்?"

"நானும் அதத்தான் யோசிக்கேன். இருந்தாலும் அவுத்துரு."

ஏர் அவிழ்ந்தது. அந்தப் புரட்டாசியில், தீனி இல்லாமல், அவர் பதினோரு உருப்படிகளை விற்றார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரிகள் அவற்றைக் குமுளிப் பாதையில் ஓட்டிப் போனார்கள். அன்று நான் அங்கே இருந்தேன். வீரம்மாள் பட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொன்றும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.  

4. பாறையில் காய்ந்த விதை

அறையில் இருந்த இரண்டு சாக்கையும் புரட்டாசி முழுவதும் விடவில்லை. வருஷக்கணக்கில் காத்திருக்க நேரம் இல்லை. வெயிலைக் கொண்டு அந்தத் தூக்கத்தைச் சுருக்க முடியுமா என்று பார்த்தேன். மலையடிவாரப் பாறையில் விதையை மெல்லிசாகப் பரப்பிக் காய வைத்தேன். காற்றுக்குப் பறக்காமல் மேலே வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தேன். வாரம் ஒரு முறை நூறு எடுத்துச் சட்டியில் போட்டு எண்ணுவேன். நாலு என்று இருந்தது வாரா வாரம் ஏறியது. மணலோடு சேர்த்துக் கையால் தேய்த்துப் பஞ்சையும் உமியையும் கொஞ்சம் உடைத்தேன், இன்னும் ஏறியது. தேய்த்ததை ஊற வைத்தேன். இரண்டு நாள் முந்தி முளைத்தது. அதிகமாகத் தேய்த்த ஒரு படி விதை மணி நசுங்கிப் பாழானது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

டெமான்ஸ்ட்ரேட்டருக்கு விஷயம் எட்டியது. அறைக்கே வந்துவிட்டார். சாக்குகளையும் சட்டிகளையும் பார்த்தார்.

"கொட்டச் சொன்னேனே?"

"சொன்னீங்க சார். நான் கொட்டல."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் ஒரு சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "ஐப்பசி வரை உமக்கு நேரம் தருகிறேன். அதற்குள் நிலத்தில் முளைக்காவிட்டால் நான் எழுதியதுதான் ரிப்போர்ட்" என்றார்.

5. ஐப்பசி

மழை ஐப்பசி இரண்டாம் வாரம் இறங்கியது. எட்டாம் நாள் காலையில் போனேன். முள் இழுத்து மூடிய பாதியில் ஊசி ஊசியாகப் புல் நின்றது. ஒரே சீராக இல்லை, திட்டுத் திட்டாக. ஆனால் நின்றது. ஏர் ஓட்டிய பாதியில் அங்கொன்று இங்கொன்று. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வீரம்மாள் இரண்டு பாதிக்கும் நடுவில் நின்றிருந்தார்.

"ஒரே வெதை, ஒரே மழை. இங்கன மொளச்சிருக்கு, அங்கன இல்ல. ஏன் மேஸ்திரி?"

இனி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "அந்தப் பாதியில நான் ஏர் ஓட்டினேன். விதை ஆழத்துக்குப் போயிருச்சு. அன்னைக்கு ஏரை நிறுத்தச் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லல."

அவர் முகம் மாறியது. "சொல்லிருந்தா அந்தப் பாதிய மட்டும் உழுது சோளம் போட்டிருப்பேனே. தட்டை கெடச்சிருக்கும். அத நம்பி, வித்ததுல பாதி மாட்டையாவது நிறுத்தி வச்சிருப்பேன்."

"ஆமாம்மா."

"படிச்சவுக நிச்சயம்னு சொன்னா நாங்க நம்புவோம். அதுக்காகச் சொல்றதா?"

அவர் அதற்கு மேல் திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்த ரெண்டு சாக்கும் எங்க?" என்று கேட்டார்.

மறுநாளே கொண்டு வந்தேன். தேய்த்து, ஊற வைத்து, செம்மண்ணும் சாணமும் கலந்து உருட்டி, அந்தப் பாதியில் மேலாகவே தூவினோம். மண் போட்டு மூடவே இல்லை. அவர் வீட்டில் வளர்த்த நாலைந்து ஆடுகளை ஒரு தரம் மேலே நடத்தி மிதிக்க விட்டோம். சின்னச்சாமியும் வந்து தூவினார். "மொளைக்கலைன்னா ஒம்ம சைக்கிள எடுத்துக்குவேன்" என்றார். கார்த்திகை மழையில் அது முதல் பாதியை விட அடர்த்தியாகவே வந்தது. அடுத்த வருஷம் மாடுகள் அந்த நாலு ஏக்கரில் மேய்ந்தன. விற்ற பதினொன்றுக்கு ஈடாக அவர் வேறு வாங்கவில்லை. மீதி இருந்தவற்றின் கன்றுகளை வைத்தே பட்டியைப் பெருக்கினார்.

அதற்கு முன், அந்த மார்கழியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டர் நிலத்தைப் பார்க்க வந்தபோது புல் முழங்கால் உயரம் இருந்தது. வரப்பில் நின்றபடியே புது ரிப்போர்ட் எழுதினார். வீரம்மாளுக்காக அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். புது விதையை வெயிலில் காய வைத்துத் தேய்த்து விதைத்ததில் நல்ல பலன் என்று இருந்தது. கேட்டுவிட்டு வீரம்மாள், "இம்புட்டுத்தானா?" என்றார்.

"வேறென்ன அம்மா?"

"ஆடியில மொளைக்கலைன்னு எழுதலையே. ஏர் ஓட்டுன பாதி வெளங்காமப் போச்சுன்னு எழுதலையே. அத எழுதாட்டி அடுத்த ஊருலயும் புது வெதையக் கொண்டுபோய் ஆழத்துலதான் போடுவாக. இன்னொருத்தி மாட்ட விப்பா."

டெமான்ஸ்ட்ரேட்டர் என்னைப் பார்த்தார். நான் என் நோட்டை நீட்டினேன். அவர் ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு, வரப்பிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினார். தன் கையால் 'உயிரற்றது' என்று எழுதியதும், நான் ஏர் ஓட்டியதும் அதில் இருந்தன.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தேன். அறுவடை மாதம் எழுதாத விதைச் சாக்கை வாங்கியதில்லை. சட்டியில் போட்டுப் பார்க்காமல் எந்த விதையையும் செத்தது என்று சொன்னதில்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் சீக்கிரம் பழகிவிடுவார்கள். பழக நாள் பிடிப்பது மூன்றாவது: நிலத்துக்காரர் "நிச்சயமா?" என்று கேட்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது.