உப்பு தொடாத தோல்

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்க்காமல் வாங்கமாட்டேன். அப்படிப்பட்டவள் ஆய்வுக்கூடத்து சீனியர் எழுதிய கணினி நிரலை மட்டும் எப்படி நம்புவேன்?

ஆட்டுத்தோலின் நார்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது என் ஆய்வு. தோலில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கவேண்டும். இயந்திரம் எனக்குக் கிடைத்தது ஒரே நாள். அது வீணானால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அம்போ.

அந்த ஒரு நாளை எங்கே செலவழிப்பது என்று சொல்வதுதான் நிரலின் வேலை. தோல் இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்று நம் சந்தேகங்களை அதற்குக் கொடுக்கவேண்டும். அவை ஒன்றுக்கொன்று வேறான பதில் தரும் கோணத்தைக் கணக்கிட்டு, அங்கே அள என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வரும் இடத்தில் அளந்தால் புதிதாக என்ன தெரியப்போகிறது?

சிறிய கோணங்களிலேயே நாள் முழுக்க நில் என்றது. அகலக் கோணங்கள் வீண் என்றது. போகாதே என்றால் எனக்கு அங்கேதான் கண் போகும். சீனியர் எதையோ மறைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். கேட்டதற்கு அவர் சிரித்தார், எரிச்சல் இன்னும் ஏறியது. வீம்புக்கென்றே அகலக் கோணத்தில் கொஞ்ச நேரம் அளந்தேன்.

திரையில் அளவுக்கோடு ஊசி ஊசியாக எழும்பி நின்றது. உப்புப் படிகம். படிகம் இருந்தால்தான் கோடு இப்படி எழும்பும்.

உப்பு பட்டால் நார்களின் அடுக்கே மாறிவிடும். அதனால்தான் திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருக்கும் தாய்மாமாவிடம், உப்பு தொடாத தோலாகக் கேட்டு வாங்கியிருந்தேன். சாணார்பட்டி ஆடு, வெறுமனே நிழலில் காயவைத்தது என்று சொல்லித்தான் கொடுத்தார். போன் போட்டேன்.

"கெட்டுப்போனா நீ அழுவியேம்மா. அதான் ஒரு கை தூவினேன். தட்டிட்டுத்தான குடுத்தேன்?"

அத்தியாயம் போனது. அழுது தீர்த்தேன், நிரலையும் திட்டித் தீர்த்தேன். அதன்மேல் என்ன தப்பு? கொடுத்த சந்தேகங்களுக்குள்தானே அது தேடும். ஈரம், வெயில், இயந்திரம், சீனியர் என்று ஒன்று விடாமல் சந்தேகப்பட்டவள், மாமாவை மட்டும் விட்டுவிட்டேன்.

அலைந்து திரிந்து இயந்திரத்தில் இன்னொரு நாள் வாங்கியிருக்கிறேன். மாமாவும் புதுத் தோல் கொடுத்தார், இந்தமுறை உப்பே இல்லை என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டு. நிரலில் 'உப்பு இருக்கலாம்' என்று சேர்த்தேன். எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டது. பாதிக்குப் பாதி என்று தட்டினேன், கை கூசியது. முதலில் அகலக் கோணத்தில் அள என்றது.

அன்று மதியம் மாமா வீட்டில்தான் சாப்பாடு. சோற்றுக்குப் பக்கத்தில் வெஞ்சனத்தை அள்ளி வைத்தபடி, "இப்பவாச்சும் என்னைய நம்புறியாம்மா?" என்றார்.

"உங்கள நம்பாம வேற யாரை மாமா நம்புவேன்?" என்றேன்.