தூர ஊர்களுக்குப் போன பதிப்பு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அஜின்கோர்ட்டில் நான் வழமையாகச் சாமான் வாங்கும் கடையில் பத்திரிகைத் தட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கியிருந்தார்கள். கடைக்காரத் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, உந்த இங்கிலிஷ் பேப்பரை நீங்கள் ஒராள்தான் வாங்குறியள். அதுவும் மூலை மடியாததாத் தேடி எடுக்கிறியள். இனிப் போனில பாருங்கோ."

உண்மைதான். வேறொருவர் விரித்துப் பார்த்த பத்திரிகை எனக்குப் படிக்க வராது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் 'பத்திரிகை நின்றது' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

நான் சொல்வது நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த இந்த நாட்டின் தேசிய நாளிதழை. நூற்றாண்டைத் தாண்டியது. ஒரு கரையிலிருந்து மறுகரை வரை எல்லா நகரங்களுக்கும் போவது. அமைச்சர்கள் காலைக் கோப்பிக்கு முன் அதைத்தான் விரிப்பார்கள் என்று சொல்வார்கள். நாங்கள் சாப்பாட்டுக்கு விரித்தோம்.

இங்கே வந்த புதிதில் ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். மேசை கிடையாது. படித்து முடித்த பத்திரிகையைத் தரையில் விரித்து, சுற்றியிருந்து சாப்பிட்டு, மீன் முள்ளோடு சுருட்டி எறிவோம். அச்சு மையும் பழப்புளியும் கலந்த அந்த வாசம் இப்போதும் சில வேளை மூக்கில் வந்து நிற்கிறது. பத்திரிகை கொண்டுவருபவன் ரத்தினம். அந்த நாளிதழின் அச்சகத்தில் லொறிகளில் பத்திரிகைக் கட்டு ஏற்றுவது அவன் வேலை. நாங்கள் வேலைக்குப் புறப்படும் நேரம் ஒரு பிரதியோடு வந்து சேருவான். அதில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். முதலில் வானிலை, பிறகு வேலை விளம்பரம், பிறகு தலையங்கம். ஒருமுறை தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் தலையங்க நடையிலேயே லீவு கேட்டேன். மனுஷன் பயந்துபோய் உடனே தந்துவிட்டார்.

எங்களோடு கடைசியாக வந்து சேர்ந்தவர் தேவன் அண்ணை. மன்னார்ப் பக்கம், கடற்கரைக் கிராமம். குண்டு விழுந்து ஊர் எரிந்தபின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு மாதா கோவில் வளவில் விட்டுவிட்டு வந்தவர். அகதியாக ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அங்கே அரசாங்கமோ அந்த ஊரில் எதுவுமே நடக்கவில்லை என்றது. விசாரணைக்கு முன் ஏதாவது சாட்சி வேண்டும் என்றார் சட்டத்தரணி.

ரத்தினம்தான் சொன்னான். "உங்கட ஊர்ப் பேர் பேப்பரில வந்ததெல்லோ அண்ணை. நீங்கள் வாறதுக்கு முந்தி. கட்டு ஏத்தேக்க கண்டனான்."

நான் நூலகத்துக்குப் போய் அந்த நாட்களின் பத்திரிகைகளைப் படமெடுத்து வைத்த சுருள்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். செய்தி இல்லை. ரத்தினம் அடையாளம் சொன்ன மூலையில் ஒரு மெத்தை விளம்பரம் இருந்தது.

"மெத்தையைப் பாத்தே நித்திரை கொண்டுட்டியோ?" என்றான் எங்களுக்குச் சமைக்கும் அருள்.

"டேய், நான் ஏத்துறது முதல் அச்சடிக்கிற பேப்பர். தூர ஊருகளுக்குப் போறது. எங்கட சிற்றிக்கு அடிக்கிறது அதுக்குப் பிறகுதான். அதுக்கிடையில விளம்பரம் வந்தால் சின்னச் செய்தியைத் தூக்கிப்போடுவாங்கள். உவர் லைப்ரரியில பாத்தது சிற்றிப் பேப்பர்," என்றான் ரத்தினம்.

அப்படியென்றால் அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த பிரதியில்தான் இருந்திருக்கும். அதைத்தான் சாப்பிட்டுச் சுருட்டி எறிந்துவிட்டோமே. தேவன் அண்ணை ஜன்னலடிக்குப் போய் நின்றார்.

"எல்லாம் எறியேல்லை," என்றான் அருள் மெதுவாக. "கொஞ்சம் குசினி அலுமாரிக்கு விரிச்சனான்."

அரிசிப் பையையும் மிளகாய்த்தூள் டின்களையும் இறக்கினோம். "கிழிச்சுப் போடாதேங்கோ, பிறகு கரப்பான் வரும்," என்று கத்திக்கொண்டே நின்றான் அருள். எண்ணெய் டின்னை ரத்தினம் தூக்கினான். அடியில் வட்டமாக எண்ணெய் ஊறிய இடத்தில் சிறிய செய்தி ஒன்று. அதற்குள் தேவன் அண்ணையின் ஊர்ப் பெயர். அவர் அதை விரலால் தொடவில்லை. முழந்தாளிட்டு வாசித்தார்.

விசாரணையில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். அதிகாரி முதலில் பக்கத்தின் மேலே பத்திரிகையின் பெயரைப் பார்த்தாராம். பிறகுதான் செய்தியை வாசித்தாராம். கடைசியில் அந்த வட்டம் என்ன என்று கேட்டாராம்.

"நல்லெண்ணெய் ஐயா எண்டன். ஐஞ்சு பேருக்குச் சமைக்கிற குசினி எண்டன். மனுஷன் சிரிச்சுப் போட்டுத் திரும்ப ஒருக்கா வாசிச்சுது."

அவரை ஏற்றுக்கொண்டார்கள். குடும்பம் வந்து சேர்ந்தது. மூத்த பிள்ளைக்கு இப்போது றிச்மண்ட் ஹில்லில் வீடு. நத்தார்ப் பண்டிகைக்கு என்னைக் கூப்பிடாமல் விடுவதில்லை. அந்தச் செய்தியை எழுதியவரின் பெயர் அதில் இல்லை. யாரென்றே தெரியாத அந்த மனிதருக்கு ஒவ்வொரு நத்தாரிலும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

கடைத் தம்பி சொன்னபடி இப்போது நானும் போனில்தான் படிக்கிறேன். போன கிழமை காலை, என்னோடு வேலை செய்யும் சூடான்காரரின் ஊர்ப் பெயரை ஒரு செய்தியில் கண்டேன். எரிந்த ஊர்களில் ஒன்றாக அது இருந்தது. மத்தியானம் அவரிடம் சொன்னேன். கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை வாங்கக் கையை நீட்டினார். செய்தியைத் திறந்தால் அதே தலைப்பு, அதே படம். ஆனால் செய்தியை மாற்றி எழுதியிருந்தார்கள். ஊர்ப் பெயர் எதுவும் இல்லை, 'மேற்குப் பகுதி' என்று மட்டும் இருந்தது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். காலையில் நான் வாசித்தது எங்கேயும் இல்லை. அவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.