மருந்துச் சீட்டில் கடற்காற்று

பஞ்சாலையில் நூல் சுற்றும் கூடத்தில் நின்றிருந்தபோதுதான் முதன்முதலில் அதைப் பார்த்தேன். இருமலை அடக்க வாயில் வைத்த கழிவுப் பஞ்சில் குன்றிமணி அளவு சிவப்பு. பல் ஈறு ரத்தமாக இருக்கும் என்று எண்ணி, பஞ்சை மடித்து இடுப்பில் செருகினேன். பக்கத்து இயந்திரத்தில் நின்ற பிலோமினா கவனித்துவிட்டாள்.

"அது ஈறு இல்ல, அமலு. எனக்கும் போன மாசம் வந்துச்சி. யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அமலோற்பவம் என்பது முழுப்பெயர். என் கணவர் சூசை அதே ஆலையில் தறி ஓட்டினார். மகள் ரோசலிக்கு மூன்று வயது. அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பொழுது சாயும்போது காய்ச்சல் வரும், விடிந்தால் போய்விடும். காலையில் போய்விடுகிற காய்ச்சலை நாங்கள் யாரும் காய்ச்சலாக எண்ணுவதில்லை. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி வந்தால், தயவுசெய்து எண்ணுங்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு நாள் காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் ஆளும் எங்கள் ஊரில் பிரெஞ்சில் படித்த தமிழர் அவர். என் கோழையைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தார். சயரோகம் (நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் தொற்றுநோய்) என்றார். வலது பக்கம், மேல்பகுதி.

"செத்துப்போயிடுவனா, ஐயா?"

"எல்லாரும் சாகறதில்ல. ஆனா இத நேரா போய்க் கொல்லுற மருந்து இன்னும் வரல. ஓய்வு, சாப்பாடு, வெயில், காத்து, இதான் வைத்தியம். உன் வீட்ல எத்தன சன்னல்?"

"சன்னல் இல்லீங்க. கதவு இருக்குது."

அவர் மருந்துச் சீட்டில் எழுதினார். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுக்கை. அதற்குப் பின் தினமும் காலையில் நான்கு மணி நேரம் கடற்கரையில் படுத்திருக்க வேண்டும். ஆலைக்குப் போகக் கூடாது. குழந்தையைக் கிட்டே சேர்க்கக் கூடாது. கோழையை மூடி போட்ட டப்பாவில் துப்பி எரித்துவிட வேண்டும்.

மற்றதெல்லாம் கடினமாகத் தோன்றியது. கடல் மட்டும் சுலபம் என்று நினைத்தேன். அது எங்கள் ஊரில்தானே இருக்கிறது.

ரோசலியை என் நாத்தனார் மதலேன் உப்பளம் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், மாதா கோவிலில் காலை மணியடித்ததும் கிளம்பி, பத்து வீட்டுக்கு ஒருமுறை நின்று நின்று நடந்தேன். பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வெள்ளைக்காரத் தெருக்கள். அங்கே சுவர்களுக்கு மேலே மரங்கள் தெரியும். எங்கள் தெருவில் மரம் என்று சொல்ல ஒரு முருங்கைதான். கடற்கரைச் சாலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. கால் மணி நேரம் இருந்திருப்பேன், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் வந்தார்.

"இங்க ஒக்காரக் கூடாதும்மா. தொரைமாருங்க வர்ற நேரம்."

எழுந்து, பக்கத்தில் இருந்த அரசாங்கத் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் காவலர் என் புடவையைப் பார்த்தார், இருமலைக் கேட்டார், கம்பிக் கதவைச் சாத்தினார். இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டு, முத்திரை வைத்த தாளில் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். காவலர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், யாரிடமோ காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒனக்குக் காத்து வேணும்னு எழுதியிருக்குது. இந்தத் தோட்டத்துக் காத்துதான் வேணும்னு எழுதல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னார்.

அன்று திரும்பி வரும் வழியில் எனக்கு மறுபடி ரத்தம் வந்தது. ஒரு வீட்டுச் சுவரோரம் குந்திக்கொண்டேன். நோய் வந்ததைவிட, போக்கிடம் இல்லாமல் அந்தச் சுவரோரம் குந்தியிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சூசைதான் வைத்திக்குப்பத்தைச் சொன்னார். ஊருக்கு வடக்கே மீனவர்கள் இருக்கும் இடம். அங்கே பெஞ்சும் இல்லை, போலீசும் இல்லை. முதல் நாளே ஒரு அம்மாள் எதிரே வந்து நின்றாள். மீன் விற்பவள், பெயர் செங்கேணி.

"யாரு நீ? இன்னாத்துக்கு இருமிக்கினு இங்க வந்து படுத்துக்கினு கீற?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லவில்லை. சயரோகம் என்றேன், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன், டப்பாவையும் காட்டினேன். அவள் நான்கு அடி பின்னால் போனாள். ஆண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினாள். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"தா பாரு, புள்ளைங்க வெளையாடற பக்கம் வராத. வலையத் தொடாத. அந்தக் கடைசிக் கட்டுமரம் கடலுக்குப் போறதில்ல. அதும் பக்கத்துல ஓலை மறைப்பு கட்டித் தர்றோம், படுத்துக்கோ. டப்பாவ நீயே கொளுத்திடணும்."

அது நியாயமான ஒப்பந்தம். பயந்தவர்கள்தான், ஆனாலும் இடம் கொடுத்தார்கள்.

பதினான்கு மாதம் அங்கே படுத்திருந்தேன். மழைக்காலத்தில் பல நாள் போக முடியவில்லை. சூசை பழைய சோற்று நீச்சத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு ஆலைக்குப் போவார், முட்டையை எனக்கு வைப்பார். மூன்றாம் மாதம் மாலைக் காய்ச்சல் தினமும் வராமல் விட்டு விட்டு வந்தது. ஐந்தாம் மாதம் பசித்தது. பசித்தது என்று செங்கேணியிடம் சொன்னபோது, அவள் சுட்ட மத்தி மீனை ஓலையில் வைத்து, எட்டி நின்று என் பக்கம் தள்ளினாள்.

பிலோமினாவும் அதே டாக்டரிடம் போனாள். அதே நோய், அதே சீட்டு. ஆனால் அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். நடமாட முடியாத தாய் ஒருத்தி, தங்கைகள் இருவர். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மட்டும் வருவாள். ஓலை மறைப்பின் மறுபக்கம் படுத்துக்கொள்வாள். பேசக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஒருமுறை அவள் பேசினாள்.

"ஆறு நாளு அங்க இழுக்கறத ஒரு நாளு இங்க வந்து வுட்டுட முடியுமா, அமலு?"

எங்கள் கூடத்தின் சன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். வெளிக்காற்று பட்டால் நூல் காய்ந்து அறும் என்று, உள்ளே ஈரத்தை வைத்திருப்பார்கள். நூலுக்கு அது நல்லது. நாங்கள் பஞ்சுத் தூசியையும் பக்கத்தில் நிற்பவர் விட்ட மூச்சையும் வாங்கிக்கொண்டு நிற்போம்.

ஒன்பதாம் மாதம் பிலோமினா வரவில்லை. அவளால் நடக்க முடியவில்லை என்று சூசை வந்து சொன்னார். செங்கேணியின் வீட்டுக்காரரும் இன்னொருவரும், மீன் கூடை தூக்கும் கழியில் கயிற்றுக் கட்டிலைக் கட்டிக்கொண்டு, அவளைக் கடற்கரைக்குத் தூக்கி வர அவள் வீட்டுக்குப் போனார்கள். கதவுக்குள் நுழைய முடியாத அளவுக்கு அந்தக் கட்டில் அகலமாக இருந்தது. அவளைக் கையில் தூக்கி வெளியே கொண்டுவந்தபோதே மூச்சு திணறியது. மறுபடி உள்ளேயே படுக்க வைத்தார்கள். நான்கு நாள் கழித்து இறந்துபோனாள்.

நான் பிழைத்ததற்கு மனவுறுதி காரணம் என்று கோவிலில் சிலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிலோமினாவுக்கு என்னைவிட உறுதி அதிகம். எனக்குச் சம்பாதிக்கிற புருஷன் இருந்தார், பிள்ளையை வாங்கிக்கொள்ள நாத்தனார் இருந்தாள், படுக்க மணல் கிடைத்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டாக்டர் அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினார். நோயாளிகளுக்குக் காலை வேளையில் தோட்டத்தைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டார். பதில் வரவில்லை. பிலோமினாவை அடக்கம் செய்த வாரம், எங்கள் கூடத்துப் பெண்கள் மேஸ்திரியிடம் போய் மேல் சன்னல்களைத் திறக்கச் சொன்னார்கள்.

"நூல் அறுந்தா யார் பதில் சொல்றது?" என்று கேட்டாராம்.

"நாங்க முடிச்சிப் போட்டுக்கறோம்" என்றார்களாம்.

உணவு வேளையில் மட்டும் திறக்கலாம் என்று முடிவானது. அரை மணி நேரம். இப்போதும் அந்த அரை மணிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைப் பெண்கள் பிள்ளைகளோடு வைத்திக்குப்பம் வருகிறார்கள். குப்பத்தார் அவர்களுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இருமுகிறவர்களுக்கு வேறு பக்கம்.

மூன்று முறை தொடர்ந்து கோழையில் கிருமி இல்லை என்று வந்த பிறகு, டாக்டர் குழந்தையைப் பார்க்கலாம் என்றார். உப்பளத்துக்குப் போனேன். ரோசலி மதலேனின் புடவைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள்.

"அம்மாடி, போ. ஒங்கம்மாதான்" என்றாள் மதலேன், அழுதுகொண்டு.

"நீதான் அம்மா" என்றது குழந்தை.

நான் கட்டாயப்படுத்தவில்லை. தினமும் போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வாரம், சடை பின்னச் சொல்லி என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஆலைக்கு நான் திரும்பவில்லை. கன்னியர் மடத்தில் பூத்தையல் போடுகிறேன். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். என் நுரையீரலில் வலது பக்கம் மேலே காற்று போகாது. அங்கே தழும்பாக இறுகிவிட்டது என்கிறார் டாக்டர். மாடிப்படியைப் பாதியில் நின்று ஏறுகிறேன். முன்பு ஒரு நாள் என்பது செய்து முடிக்க வேண்டிய வேலைகள். இப்போது அதை மூச்சுக்குத் தக்கபடி சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறேன்.

கோவிலில் பாட்டு முழுவதும் என்னால் பாட முடிவதில்லை. ஒரு அடி பாடுவேன், அடுத்த அடியை மற்றவர்களுக்கு விட்டுவிடுவேன், மூன்றாவதில் சேர்ந்துகொள்வேன். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. இப்போது விடுகிற அடியின்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். சுற்றிலும் பாடுகிறார்கள். மூச்சு உள்ளே போகிறது, எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு.