பெரிய ஷாஃப்டும் சின்ன புஷ்ஷும்

டிராயிங் போடுகிறவன் அளவையும் எழுத வேண்டும், அந்த அளவு எவ்வளவு தப்பலாம் என்பதையும் அவனே எழுத வேண்டும். இரண்டாவதற்குப் பெயர் டாலரன்ஸ். டிராயிங் பலகையையும் டீ-ஸ்கொயரையும் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவர்களுக்கு, நான் சொல்லப்போவதெல்லாம் தெரிந்த தலைவலிதான்.

அறுபதுகளில் செம்பூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்த காதர் பாய் எங்களிடம் வேலை கேட்டு வந்தார். சாம்பிள் பாஸானால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் மாஹிமில் இன்னொரு பட்டறைக்காரர் தயாராக இருந்தார்.

மூடிக்கு வந்த மரியாதை

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா அளவுக்கும் இறுக்கமான டாலரன்ஸ் போடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். தூசி விழாமல் இருக்க மேலே கவிழ்க்கிற தகர மூடிக்குக்கூட, முடியளவு தப்பினாலும் கூடாது என்று எழுதியிருந்தது. காதர் பாய் டிராயிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு மூடிக்கே இம்புட்டு கறாருன்னா, ஷாஃப்டுக்கு என்ன ஜாதகமா கேப்பிய, தம்பி?"

எல்லோரும் பாஸ்

பம்புக்குள் சுற்றுகிற இரும்புத் தண்டுதான் ஷாஃப்ட்; அதில் படிப்படியாக நாலு பகுதி. ஒரு படி முடிகிற இடத்திலிருந்து அடுத்த படியின் நீளத்தை எழுதச் சொல்வார் எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். தாளில் அழகாக இருக்கும். காதர் பாய் ஒவ்வொரு படியையும், தப்பலாம் என்ற எல்லைக்குள், கொஞ்சம் நீளமாகவே விட்டிருந்தார். நாலு கொஞ்சமும் சேர்ந்து, ஷாஃப்ட் பம்புக்குள் அடங்காமல் வெளியே எட்டிப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் வைத்தி மாட்டுங்காக்காரர். நிதானமாக அளந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஓய், பிள்ளைகள் எல்லாம் பாஸ். குடும்பம்தான் ஃபெயில்."

சந்திக்காது என்ற நம்பிக்கை

நீளங்களையெல்லாம் ஒரே முனையிலிருந்து எழுதித் திருத்திக் கொடுத்தேன். இன்னொரு சாம்பிள் பார்ப்போம், அதுவே கடைசி என்றார் மேனேஜர். காதர் பாய் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். இம்முறை ஷாஃப்ட் சரி, அது நுழைந்து சுற்றவேண்டிய வளையமான புஷ்ஷும் சரி. ஒன்றுக்குள் ஒன்றுதான் போகவில்லை.

இருப்பதிலேயே பெரிய ஷாஃப்டும் இருப்பதிலேயே சின்ன புஷ் துளையும் ஒன்றாகச் சேராது என்று நம்பித்தான் எங்கள் ஆபீஸ் எல்லை வகுத்திருந்தது. காதர் பாய் பட்டறையில் அவை தினமும் சந்தித்தன. ஷாஃப்டை மேல் எல்லையில் நிறுத்துவார்; துளையைக் கீழ் எல்லையில் நிறுத்துவார். மேனேஜர் மாஹிம்காரரை வரச்சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டார். காதர் பாய் ஷாஃப்டைத் தூக்கிக் காட்டினார்.

"இரும்பு கூடுனா செதுக்கிக்கலாம், சாமி. குறைஞ்சா ஒட்டவா முடியும்?"

எமெரித் தாள்

அந்தப் பேச்சில் வைத்திக்குப் பொறி தட்டியது. "கூடத்தானே இருக்கு? கொஞ்சம் எமெரி போடுங்கோ பாய்" என்றார். எங்கள் லேத்திலேயே ஷாஃப்டை மாட்டி, காதர் பாய் சொரசொரப்பான எமெரித் தாளால் தேய்த்தார். வைத்தி மறுபடி அளந்தார். இன்னும் எல்லைக்குள்தான். ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், விரலால் தட்டினால் சுற்றியது. மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த டிராயிங்கில் ஷாஃப்டின் மேல் எல்லையைக் குறைத்தே எழுதினேன். வந்த ஷாஃப்ட் எல்லாம் அந்தப் புது எல்லையை ஒட்டியே நின்றன. எல்லாமே புஷ்ஷுக்குள் போயின. காதர் பாய் சிரித்தார்.

"நீங்க கோட்டை எங்க வேணா போடுங்க தம்பி, நான் அது வாசல்லதான் நிப்பேன்."

ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் விடவேண்டிய இடைவெளி புத்தகத்தில் இருக்கிறது, செம்பூருக்கும் தாராவிக்கும் விடவேண்டியதைத்தான் நாமே போய்ப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.