முந்தானைக்குள் மறைத்த பை

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதம் முடியப் போகிற சமயம். சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு உப்பளத்தில் நடந்தது இது. நான் அங்கே உப்புச் சுமக்கிறவள். எட்டாவது வரை படித்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்பு வாருகிற பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் கூலி இவ்வளவு என்று கங்காணி சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவார். வெற்றிலையை எடுத்துவிட்டால் அந்தக் கூலிக்குச் சம்மதம். பிறகு ஐப்பசி மழை வரும்வரை கூலிப் பேச்சு எடுக்கக் கூடாது. விலைவாசிக்கு மட்டும் அப்படி யாரும் வெற்றிலை வைப்பதில்லை. அது நினைத்த நாளில் ஏறிக்கொள்ளும்.

இரண்டு பருவமாக எங்களுக்கு ஒரே கூலி. ரேஷன் அரிசி இருப்பதால் உலை வைத்துவிடுகிறோம். சோற்றுக்கு மேலே ஊற்றுவதற்குத்தான் பாடு. எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் ஏறிப்போனது. ஊரைச் சுற்றிக் கடல் இருக்கிறது, ஆனால் ஏழை மீன் என்று சொல்லுகிற சாளையைக்கூட விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து என் ஒரு கூலிதான் வீட்டுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் கடைக்குப் போய் வரும்போது பையை முந்தானையால் மூடிக்கொண்டு நடப்பார்கள். முன்பெல்லாம் பை நிறைந்திருக்கும், கண்படக்கூடாது என்று மூடினோம். பிறகு உள்ளே ஒன்றும் இல்லாதது தெரியக்கூடாது என்று மூடினோம். நானும் அப்படித்தான்.

அந்த வருஷம் கூலியைக் கூட்டிக் கேட்பது என்று பேசி வைத்திருந்தோம். கேட்பதற்கு, எல்லோரும் மதினி என்று கூப்பிடுகிற ஒருத்தியை முன்னால் நிறுத்தினோம். அவள் வரப்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த அளத்துக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நாங்கள் போனோம். போகிற வழியில், முந்தின நாள் உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திய கூலியில் நான் கடைச்சாமான் வாங்கிக்கொண்டேன்.

கங்காணி பழைய கூலியையே சொன்னார். மதினி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, இந்தக் கூலி பத்தாதுண்ணே."

"உனக்கு எம்புட்டுக் குடுத்தாலும் பத்தாது தாயி. உன் வாய்க்கே தனியா ஒரு கூலி போடணும்" என்றார் அவர்.

ஆம்பளைகள் சிரித்தார்கள். எங்களில் சிலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே கேட்க வந்தது கரைந்து போனது. மதினி முகம் சுண்டிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். தட்டு வரிசையாக வர ஆரம்பித்தது. முதல் ஆளாக நின்றது நான்.

வெற்றிலையை எடுத்தால் இன்னும் ஒன்பது மாதம் இதே கூலி. எடுக்காவிட்டால் பருவத்துக்கு ஆள் எடுக்கும்போது என்னை ஒதுக்கிவிடலாம். என்ன சொல்வதென்று யோசித்தேன். முந்தானைக்குள் இருந்த பையை எடுத்து, கங்காணி காலடியில் விரித்திருந்த சாக்கில் ஒவ்வொன்றாக வைத்தேன். சின்ன எண்ணெய் பாக்கெட். கால் கிலோ பருப்பு. ஒரு புளி உருண்டை. கொஞ்சம் மிளகாய் வற்றல். நாலு தக்காளி. இடுப்பு வலிக்கு ஒரு அட்டை மாத்திரை. காபித்தூள் பொட்டலம், குழந்தை உள்ளங்கை அளவு. பையை உதறியும் காட்டினேன்.

கங்காணிக்குப் புரியவில்லை. "என்னத்தா இது?"

"நேத்துக் கூலிண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். "சரி, மிச்சம் எங்க?"

"அம்புட்டுத்தாண்ணே."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் வீட்டு அடுப்படியை ஊர் நடுவில் திறந்து வைத்தது மாதிரி இருந்தது. பொறுக்கி எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் நின்றவள் முன்னால் வந்தாள். மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான், அவளுக்கென்ன குறை என்று நாங்கள் நினைத்திருந்த பெண் அவள். "எங்க வீட்டுலயும் இதே கதிதாண்ணே. காபித்தூள் கூடக் கெடையாது" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நாங்கள் எத்தனை நாளாக ஒருவருக்கொருவர் பையை மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறோம் என்று தெரிந்தது. அதன் பிறகு தட்டிலிருந்து ஒருவரும் வெற்றிலை எடுக்கவில்லை.

கங்காணி கோபப்படவில்லை. எண்ணெய் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் இந்தச் சின்னப் பாக்கெட்டுதான் வாங்குறோம்" என்று மெதுவாகச் சொன்னார். சாக்கில் இருந்ததை அப்படியே செல்போனில் படம் எடுத்து, தூத்துக்குடியில் இருக்கிற முதலாளிக்கு அனுப்பினார். பதில் வரும்வரை வேலை இல்லை என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் நம்பவில்லை. "நீயா பேசுன?" என்றார். "நான் எங்கய்யா பேசுனேன், பருப்புதான் பேசுச்சு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபது குடும்பத்துப் பிழைப்பில் கை வைத்துவிட்டேனோ என்று பயம். கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன். தட்டில் வெற்றிலை அப்படியே வாடிக் கிடக்கும்.

மூன்றாம் நாள் காலையில் புது வெற்றிலை வந்தது. கேட்க நினைத்ததில் பாதிதான் கூட்டினார்கள். பாதியாவது வந்ததே என்று வாங்கிக்கொண்டோம். மதினி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏத்தா, ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என் பொழப்பைக் கெடுத்துட்டியே. இனி என்னைய யாரு பேசக் கூப்புடுவா?" என்று என் முதுகில் ஒரு அடி போட்டாள். வலித்தது. அந்த அடி மாதிரி ஒரு மரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் கூலி பேசுகிற நாளில் யாராவது ஒருத்தி முந்தின நாள் கூலியில் வாங்கிய பையோடுதான் கொட்டகைக்கு வருகிறாள். தட்டு வருவதற்கு முன்னால் பை விரிகிறது. நான் இன்றைக்கும் கூட்டத்தில் பேசுவதில்லை, விலையும் இறங்கவில்லை, என் பையும் பாதிதான் நிறைகிறது. ஆனால் கடைத்தெருவிலிருந்து வரும்போது அதை நான் முந்தானையால் மூடுவதில்லை; உழைத்து வாங்கிய பாதிப் பையில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை என்று அந்தச் சாக்கின் முன்னால் நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன்.