டயல் டோனுக்குக் காத்திராத அத்தை

இழுப்பறையில் இன்று அகப்பட்ட பழைய டெலிபோன் ஒயரின் முனையை அழுத்தினேன். 'டிக்' என்றது. உடனே யூரியா வாடை வந்துவிட்டது. கீழ்வேளூரில் உரக்கடைக்கு மேலே ஸ்டெல்லா அத்தை நடத்திய பிரவுசிங் சென்டரின் வாடை அது. படியெல்லாம் செருப்பு, உள்ளே கடகடக்கும் மேசை விசிறி, போன் வழியாக இன்டர்நெட்டுக்கு டயல் செய்யும் மோடம் கீச்சிட்டு லைன் பிடிக்கும்வரை பூசைநேரம் போல யாரும் வாய்திறக்காத அந்த அமைதி, எல்லாம் போய் இப்போது அங்கே செல்போன் கடை.

அக்காவின் பிளஸ் டூ ரிசல்ட் அன்று பார்த்துக் சென்டர் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அத்தை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் தன் லேப்டாப்பைத் திறந்தாள். அதன் மோடத்துக்குச் சொந்த மூளை கிடையாது. லேப்டாப்தான் அதற்காகவும் யோசிக்க வேண்டும். அதற்கான டிரைவர் மென்பொருளை எங்கெங்கோ தேடி அவளே போட்டுவைத்திருந்தாள். அப்படியும் திரையில் 'டயல் டோன் இல்லை' என்றே வந்தது. அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை ஒயரைப் பிடுங்கிப் போனில் மாட்டி, டயல் செய்யுமுன் வரும் அந்த 'கொர்' ஒலி வருகிறதா என்று ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"எனக்கு நல்லாத்தான கேக்குது! நம்ம ஊரு டோன் இதுக்குப் பழக்கமில்ல போலருக்கு. கேக்காட்டி போவுது, நீ பாட்டுக்கு டயல் பண்ணு."

லேப்டாப்பிடம்தான் சொன்னாள். ஒயரை மறுபடி அதில் செருகி, டோனுக்குக் காத்திராதே என்று மோடத்துக்குச் சொல்லும் கட்டளையை ஒரே வரியில் தட்டினாள். அது கீச்சிட்டது. லைன் பிடித்து, ரிசல்ட் பக்கம் வரி வரியாக இறங்கியது.

"பாஸுடி! வேளாங்கண்ணிக்குக் கெளம்பு!"

அத்தை இப்போதும் எனக்குப் போன் செய்வாள். நான் ஹலோ சொல்வதற்குள் பாதி விஷயம் முடிந்திருக்கும்.