குளிர வைத்த விளக்கு

கண்ணுக்குத் தெரியாத விளக்கைக் கும்பிடுகிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? தென்காசிப் பக்கமிருந்து ஒரகடத்துக்குப் பிழைக்க வந்த நான்தான் அது. தொழிற்சாலையின் சோதனை அறையில் காலையில் லேசரைப் போட்டதும் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். அந்த ஒளி கண்ணில் படாது. திரையில் ஒரு கோடு எழும்பும், அவ்வளவுதான். ஒளி ஓடுவது நகத்தளவுச் சில்லு ஒன்றுக்குள். அதில் முடியைவிட மிக மெல்லிய பாதைகள், பொடிப் பொடி வளையங்கள். நம் மூளை நரம்புகள் சேதி கடத்துவதுபோல, வளையங்கள் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் அனுப்ப, சில்லு கற்றுக்கொள்கிறது! கையால் எழுதிய எண்ணைக் காட்டினால் இன்னதென்று சொல்லும். ஊர்க் கோயிலில் திரை விலகி, கற்பூர ஒளியில் அம்மன் முகம் தெரியும்போது உடம்பு சிலிர்க்குமே, என் கையெழுத்தை அது முதலில் படித்தபோதும் அப்படித்தான் சிலிர்த்தேன்.

போன வாரம் பெரிய அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். சில்லு சரியாகச் சொன்னால் எங்கள் அறை நீடிக்கும்; இல்லையென்றால் நாங்கள் பழையபடி ஒயர் கட்டும் லைனுக்கே. சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, லேசருக்குப் பக்கத்தில் எரிந்த மேசை விளக்கைக் காட்டி, கூட வேலை செய்யும் மறைமலை நகர் ஸ்டெல்லாவிடம், "ஏட்டி, அந்த வெளக்கக் குளிர வச்சிரு" என்றேன்.

திரும்பி வந்து, அதிகாரிகள் முன்னால் மூன்று எழுதிக் காட்டினேன். எட்டு என்றது. ஏழுக்கு ஒன்று என்றது. எஞ்சினியர் சாருக்கு முகமே செத்துவிட்டது. முருகா, முருகா என்று எனக்குள் ஒரே ஓட்டம்.

"சில்லு ஏன் இவ்ளோ ஜில்லுனு கீது?" என்றார் சார், திரையைப் பார்த்து.

"அக்காதான் சார் குளிர வைக்கச் சொன்னாங்க. அவங்க கும்புட்ற லேசர் வெளக்குன்னு நெனச்சி, சில்லு கூலர்ல சூட்ட எறக்கி வச்சேன்."

"அடிப்பாவி! வெளக்க நிறுத்தச் சொன்னேன்ட்டி!"

"அத ஆஃப் பண்ணுன்னு சொல்றதுக்கு இன்னாவாம்?"

"வெளக்க அணைன்னு வாயால சொல்லக் கூடாது தாயி. குளிர வைன்னுதான் சொல்லணும். மலையேத்துன்னும் சொல்வோம்."

"நல்ல வேளைக்கா! அப்டி சொல்லிருந்தா மெஷின குன்றத்தூர் மலைக்கே தூக்கினு போயிருப்பேன்."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சூடு மாறினால் வளையங்களுக்குள் ஒளியின் கணக்கும் மாறிவிடுமாம். கூலரைப் பழையபடி வைத்துக் காத்திருந்தோம். மறுபடி எழுதினேன். மூன்று! ஏழு! எழுதியதெல்லாம் சரி! ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எங்கள் அறை நிலைத்தது.

இனி அறைக்குள் 'ஆஃப்' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார் சார். மத்தியானம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அன்று ராத்திரி வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்து, முருகன் படத்து முன் சுடரை அமர்த்தப் பூவை எடுத்தேன். "ஆஃப் பண்றேன் முருகா" என்றது வாய். பூ கையிலேயே நின்றுவிட்டது. சுடர் எரிந்துகொண்டே இருந்தது.